சயானுக்கு அந்தப் பக்கம்

இந்தப் பம்பாயில் ஒரு சட்டம் உண்டு. வடக்கே எங்கு வேண்டுமானாலும் ரிக்‌ஷா ஓட்டலாம். குர்லா, செம்பூர், விக்ரோலி, இன்னும் மேலே முலுண்டு வரைக்கும் ராஜாவாகப் போகலாம். தெற்கே சயான் வந்துவிட்டால் மூன்று சக்கரம் நின்றுவிட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் டாக்சிதான். ஏனென்று கேட்டால், ரிக்‌ஷாவை உள்ளே விட்டால் நெரிசலாகிவிடும் என்பார்கள். இப்போது மட்டும் என்ன குறைச்சலாம்? அது கிடக்கட்டும். குர்லாவில் முகைதீன் என்று ஒருவன் இருப்பான், அவனுக்குப் பீவி என்று ஒரு பெண்டாட்டி வாய்ப்பாள், அவளைச் சயான் வரைக்கும் கொண்டுவந்து இன்னொருத்தன் டாக்சியில் ஏற்றிவிட்டு அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் சட்டம் போட்டவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அந்த இன்னொருத்தன் மன்சூர் அலி. பீவியின் தாய்மாமன் மகன். மேலப்பாளையத்தில் பீவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அவளை மன்சூருக்கு என்று இரண்டு வீட்டிலும் பேசிவைத்திருந்தார்கள். பிறகு வீட்டுப் பாகம் பிரிப்பதில் ஒரு மனஸ்தாபம், பேச்சு முறிந்தது, பீவி முகைதீனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பம்பாய் வந்தாள். மன்சூரும் வேறு பெண்ணைக் கட்டினான். அவள் பிள்ளைகளோடு ஊரில் இருக்கிறாள். பிழைக்கக் கிளம்பியவன் துபாய் போயிருக்கலாம், பெங்களூர் போயிருக்கலாம். உலகத்தில் ஊரா இல்லை? நேராகப் பம்பாய்க்கு வந்து, டாக்சி எடுத்து, சரியாகச் சயான் ஸ்டாண்டிலேயே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டான்.

பீவி அவனை மச்சான் என்று கூப்பிடுவாள். முறை அதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கட்டிய புருஷனைக் கூப்பிடுவதெல்லாம் 'இந்தாங்க', 'கேட்டீங்களா' இவ்வளவுதான். அந்த 'மச்சான்' காதில் விழும்போதெல்லாம் முகைதீனுக்கு வயிறு பற்றி எரியும். அதைவிட எரிச்சல், மன்சூர் கதவைத் திறந்துவிடுவது. இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, பீவி ஏறி உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளாமல் பார்த்துச் சாத்துவான். ரிக்‌ஷாவுக்குக் கதவே கிடையாது. முகைதீன் எதைத் திறந்துவிடுவான், எதைச் சாத்துவான்?

நீங்கள் கேட்கலாம், டாக்சிக்குத்தான் எல்லை கிடையாதே, மன்சூரே குர்லாவுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாமே என்று. பீவியும் கேட்டாள். முகைதீன் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தமாக வண்டி வைத்திருப்பவன் வீட்டு வாசலில் இன்னொருத்தன் வண்டி வந்து ஹாரன் அடிப்பதா? கூடாது என்றால் கூடாது. ஆகவே கல்யாணம் காட்சி, ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு எதுவானாலும் சயான் வரைக்கும் ரிக்‌ஷா, சயானில் இறங்கி டாக்சி. அதை அவனே விதித்தான், அவனே வெந்தான்.

போன வருஷம் வடாலாவில் ஒரு நிக்காஹ். வழக்கம்போலப் பீவியை மன்சூர் வண்டியில் ஏற்றிவிட்டு, ரிக்‌ஷாவை நிறுத்த இடம் தேடி அலைந்தான் முகைதீன். சயான் பாலத்தை இடித்துப் போட்டதிலிருந்து அங்கே ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. ஒருவழியாக எங்கோ சந்துக்குள் சொருகிவிட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர் நீங்கள் எந்த வீடு என்று விசாரித்தார். குர்லா பீவியுடைய வீட்டுக்காரர் என்றான். அவர் சிரித்துவிட்டு, பீவி வீட்டுக்காரர் அப்போதே வந்துவிட்டாரே, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே என்று சொல்லிப் பந்தியைக் காட்டினார். பந்தியில் மன்சூர் அலி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

யார்மேல் குற்றம்? அவர் பார்த்ததைச் சொன்னார். சயானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை ஜனமும் பார்ப்பது அதைத்தான். பீவி எந்த வீட்டுக்கு எப்போது போனாலும் மன்சூர் அலியின் காரிலிருந்துதான் இறங்குகிறாள். முகைதீன் அன்று பிரியாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான். பீவியிடம் பசியில்லை என்றான். அவள் அதை நம்பினாள்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. புருஷன் முகம் கோணுவதைக் கவனித்திருக்கிறாள். அதனால்தான் மன்சூரின் நம்பரைத் தன் போனில் வைத்துக்கொள்ளவே இல்லை. டாக்சி வேண்டுமென்றால் முகைதீனிடம் சொல்லுவாள், முகைதீன்தான் பேசுவான். புருஷன் கூப்பிட்டு வருகிற வண்டியில் ஏறினால் ஊர் வாய்க்கும் இடமில்லை, புருஷன் மனசுக்கும் குறையில்லை என்பது அவள் கணக்கு.

இப்படி இருக்கும்போது நோன்பு மாதம் வந்தது. பீவிக்குக் கைமணம் உண்டு. அவள் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சியை ஒரு தடவை குடித்தவர்கள் அடுத்த நாள் கிண்ணத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். இந்தத் தடவை வடாலாவில் தமிழ்ப் பெண்கள் ஒரு ஹாலை எடுத்து, அங்கேயே சேர்ந்து நோன்பு திறந்து தொழுவதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அதை நடத்துகிறவள் பரீஹா என்ற டீச்சர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, முதல் வெள்ளிக்கிழமைக் கஞ்சியைப் பீவியிடம் ஒப்படைத்தாள். அன்று சரியாக அமைந்துவிட்டால் மாதம் முழுக்க அவளே காய்ச்சட்டும் என்றாள்.

பீவிக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகைதீனின் பெண்டாட்டி, மேலப்பாளையத்துப் பிள்ளை, அதைத் தாண்டி ஒன்றுமில்லை. இப்போதுதான் பீவி கஞ்சி என்று தன் பேரில் ஒன்று வரப்போகிறது. முகைதீனுக்கும் சந்தோஷம்தான், சும்மா சொல்லக்கூடாது. கஞ்சி காய்ச்சப் பெரிய தேக்சாப் பாத்திரம் ஒன்றைத் தேடிக் குர்லா மார்க்கெட்டெல்லாம் சுற்றி வாங்கி வந்தவன் அவன்தான். வியாழன் ராத்திரியே உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தான். நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாதே என்று அவள் கவலைப்பட்டபோது, உன் கை உப்புக்கு நாக்கு எதற்கு என்றுகூடச் சொன்னான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். அடுத்தபடியாக அவள், மன்சூர் மச்சானிடம் சொல்லிவிடுங்கள், நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுததும் சயானில் வந்து நிற்கட்டும் என்றாள்.

உரித்துக்கொண்டிருந்த பூண்டு முகைதீனின் கையிலேயே நின்றுவிட்டது. தேக்சா வாங்கியது அவன், பூண்டு உரித்தது அவன், கொதிக்கக் கொதிக்கத் தூக்கி ரிக்‌ஷாவில் வைக்கப்போவதும் அவன். ஆனால் ஹால் வாசலில் போய் இறங்கப்போவது யார்? மன்சூர். அத்தர் வாசனையோடு தேக்சாவை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பீவியோடு படியேறப்போவது யார்? அவனேதான். அங்கே கூடியிருக்கிற பெண்கள் எல்லோரும், பாரேன், பெண்டாட்டிக்கு எவ்வளவு ஒத்தாசை என்று அவனைப் பார்த்துச் சொல்லப்போகிறார்கள். நாளைக்கும் மறுநாளும் மாதம் முழுக்கவும் இதே கதைதான்.

சரி, சொல்கிறேன் என்றான் முகைதீன். சொல்லவில்லை.

மறுநாள் கஞ்சி அருமையாக அமைந்தது. அரிசி கரைந்து, கறி வெந்து, தேங்காய்ப்பால் வாசம் சந்து முனை வரைக்கும் போயிற்று. பீவி தேக்சாவுக்கு மூடி போட்டு, மாவால் ஒட்டி, துணியால் இறுக்கிக் கட்டினாள். அப்போதுதான் முகைதீன், மன்சூர் பாய்க்குப் பன்வேலுக்குச் சவாரி கிடைத்துவிட்டதாம், வர முடியாதாம் என்று சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பீவிக்கு முகம் விழுந்துவிட்டது. நோன்பு திறக்கிற நேரத்தில் டாக்சி கிடைப்பது எத்தனை பாடு என்று குர்லாவில் யாருக்குத் தெரியாது? ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் நோன்பாளி, பாங்கு சொல்வதற்குள் வீடு போய்ச் சேரப் பறப்பார்கள். மீதிப்பேர் கொதிக்கிற தேக்சாவைப் பார்த்தாலே சீட்டெல்லாம் வீணாகிவிடும் என்று தலையை ஆட்டுவார்கள். போனில் கூப்பிடுகிற கார்க்காரனும் வந்து பார்த்துவிட்டுக் கேன்சல் செய்வான். ரயிலில் ஏறலாமென்றால் அந்த நேரத்து ஹார்பர் லைன் கூட்டத்தில் மனுஷி ஏறுவதே பெரும்பாடு.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் முகைதீன். "நானே ஹால் வாசல்ல கொண்டுபோய் இறக்குதேன்."

போலீஸ் பிடிக்காதா என்று அவள் கேட்டாள். சயானிலிருந்து வடாலா கூப்பிடு தூரம், சாயங்கால நெரிசலில் எவன் ரிக்‌ஷாவைப் பார்க்கப்போகிறான் என்றான். அவன் குரலில் இருந்த உற்சாகம் அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். வேறு வழியும் தெரியவில்லை. பிஸ்மில்லா சொல்லி ஏறி, தேக்சாவைக் கால்களுக்கு நடுவே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

குர்லாவிலிருந்து சயான் வருவதற்குள்ளேயே வெயில் இறங்கிவிட்டது. பாலம் இல்லாததால் எல்லா வண்டியும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு நின்றன. டாக்சி ஸ்டாண்டு இடதுபக்கம் வரும். முகைதீன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு டவுன் பஸ்ஸின் வலதுபுறமாக ஒட்டிக்கொண்டு, பஸ்ஸின் மறைவிலேயே சயான் சர்க்கிளைத் தாண்டினான். மற்ற ரிக்‌ஷாக்களெல்லாம் வட்டமடித்துத் திரும்பின. அவன் மட்டும் நேராகப் போனான்.

போனதும் மனசு எப்படி விரிந்தது என்கிறீர்கள்! ரோடு அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் மரம். இத்தனை வருஷம் இந்த ரோட்டை அவன் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான், தன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. ஹால் வாசலில் போய் நிற்பது, பரீஹா டீச்சர் வெளியே வருவது, இவர்தான் என் வீட்டுக்காரர் என்று பீவி சொல்வது எல்லாம் கண்முன் ஓடிற்று. நோன்பின் வறட்சியிலும் தொண்டைக்குள் பாட்டு ஒன்று எழுந்தது. பின்னாலிருந்து பீவி மெதுவாகப் போகும்படி சொன்னதைக்கூட அவன் சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் பாருங்கள், குர்லாவில் ஆயிரம் ரிக்‌ஷாவில் ஒன்றாக இருக்கிறவரைக்கும்தான் ரிக்‌ஷா கண்ணில் படாது. இங்கே கண்ணுக்கெட்டின தூரம் கார், பஸ், டாக்சி. நடுவில் இவன் ஒருத்தன். பக்கத்தில் வந்த பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கைநீட்டிச் சிரித்தன. ஒரு டாக்சிக்காரன் கண்ணாடியை இறக்கி, என்ன பாய், வழி தவறிவிட்டதா என்று இந்தியில் கேலி பண்ணிவிட்டுப் போனான். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் இடப்பக்கம் திரும்பினால் வடாலா. சிக்னல் சிவப்பில் நின்றது. டிராபிக் ஹவல்தார் நிதானமாக நடந்து வந்து, கையை உள்ளே விட்டுச் சாவியை உருவிக்கொண்டார்.

முகைதீன் இறங்கிக் கும்பிட்டான், நோன்பு என்றான், கஞ்சி என்றான், பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றான். ஹவல்தார் கெட்ட மனுஷர் இல்லை. கஞ்சியையும் அந்த அம்மாவையும் தாராளமாக ஒரு டாக்சியில் அனுப்பு, ரிக்‌ஷா இங்கிருந்து ஒரு அடி நகராது என்றார். அவரே கைகாட்டி ஒன்றிரண்டு டாக்சியை நிறுத்தவும் செய்தார். முதல் டிரைவர் தேக்சாவைப் பார்த்ததும் கையை விரித்தார். அடுத்தவர் தொப்பி போட்டவர். நானே நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். அதற்கப்புறம் வந்தவர்கள் நிற்கவே இல்லை.

பீவியின் போன் அடித்தது. பரீஹா டீச்சர். எங்கே இருக்கிறாய் என்று கேட்டது முகைதீனுக்கும் கேட்டது. பீவி மாட்டுங்கா என்றாள், இதோ வந்துவிட்டேன் என்றாள். பிறகு டீச்சர், நாங்கள் பேரீச்சம்பழத்தில் திறந்துகொள்கிறோம், கஞ்சி வரும்போது வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வரும்போது வரட்டும். கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பீவிக்குத் தேவலாம். அவள் தேக்சாவின் மேல் கைவைத்துப் பார்த்தாள், சூடு இருந்தது. பிறகு முகைதீனைப் பார்த்து, உங்கள் போனைக் கொடுங்கள் என்றாள்.

"எதுக்கு?"

"மன்சூர் மச்சானைக் கேட்டுப் பாக்கேன்."

"அவருதான் பன்வேல்ல..."

"பன்வேல்ல இருந்து திரும்பிக்கிட்டு இருந்தாலும் இருப்பாவ. குடுங்க."

கொடுக்காமல் இருக்க முகைதீனுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும். சார்ஜ் இல்லை என்று சொல்லலாமா என்று நினைத்தான். போன் சட்டைப் பையில் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. கொடுத்தான். அவள் நம்பரைத் தேடிப் போட்டு, ரோட்டுச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரைத் தட்டினாள். ஒரே மணியில் மன்சூர் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க முகைதீன் பாய். சயான்லதான் நிக்கேன். கஞ்சி இன்னிக்குன்னு வடாலாவுல சொன்னாவ, எப்படியும் கூப்பிடுவீங்கன்னு அஸர்ல இருந்து சவாரியே ஏத்தலை. ஏன் பாய், இன்னும் கிளம்பலையா?"

பீவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றது. ரோட்டில் அத்தனை வண்டி ஓடுகிறது, ஒன்று வந்து தன்மேல் ஏறினால் என்ன என்று முகைதீனுக்கு இருந்தது.

"மச்சான், நான் பீவி," என்றாள் கடைசியில். "கிங்ஸ் சர்க்கிள் சிக்னல்ல நிக்கோம். வாங்க."

மன்சூர் பறந்து வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். வந்து பார்த்தவனுக்கு ரிக்‌ஷா அங்கே நிற்பது விளங்கவில்லை. ஹவல்தாரைப் பார்த்தான், தேக்சாவைப் பார்த்தான், முகைதீனைப் பார்த்தான். ஒரு போன் போட்டிருக்கலாமே பாய் என்றான். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே புரியாமல் கேட்டான். அதுதான் முகைதீனுக்குத் தாங்கவில்லை. இவன் பல்லைக் கடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டால் பதிலுக்கு நாமும் கேட்டுவிடலாம், மனசு ஆறும் என்று பார்த்தால், பாவி மனுஷன் பின்சீட்டில் பழைய துணியை விரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருமாகத் தேக்சாவைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் முகைதீன், மறுபக்கம் மன்சூர். பின்சீட்டுக்குக் கீழே பத்திரமாக இறக்கி நிமிரும்போது மன்சூரின் போனில் பாங்கு ஒலித்தது. மூவரும் அப்படியே நின்றார்கள். ஹால் இன்னும் இரண்டு சிக்னல் தாண்டி இருந்தது.

மன்சூர் டாக்சிக்குள் கையை நீட்டிப் பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்தான். பீவிக்கு ஒன்று கொடுத்தான், முகைதீனுக்கு ஒன்று நீட்டினான். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இவன் கையாலா நோன்பு திறக்க வேண்டும்? ஆனால் பாங்கு சொன்ன பிறகு தாமதிக்கக் கூடாது. வேறு எதுவும் அவனிடம் இல்லை. தூக்கிவைத்த தேக்சா நிறையக் கஞ்சி இருந்தது, அது அடுத்தவர்களுக்கு உரியது. வாங்கி வாயில் போட்டான். பழம் இனிப்பாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

மன்சூர் வண்டியைக் கிளப்ப முன்னால் போய் உட்கார்ந்தான். பீவி திறந்திருந்த பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று முகைதீன் நினைத்தான். அழவில்லை.

"மச்சான்கிட்ட நீங்க சொல்லவே இல்லை. இல்லையா?"

"உனக்குத் தெரியாது பீவி. அந்தப் பக்கம் எல்லாரும் அவனைத்தான்..." என்று ஆரம்பித்தான். அவள் அதைக் கேட்டாளோ என்னவோ, முகம் மாறவில்லை. நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு, ரொம்ப மெதுவாக, மன்சூருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"இத்தனை வருஷமும் நீங்க கூப்பிட்ட டாக்சியிலதான் நான் ஏறுனேன்," என்றாள். "இன்னிக்குத்தான் மன்சூர் மச்சான் வண்டியில ஏறுதேன்."

ஏறிக்கொண்டு கதவை அவளே சாத்தினாள். சிக்னல் பச்சையானது. டாக்சி இடப்பக்கம் திரும்பி வடாலா ரோட்டில் போயிற்று. ஹவல்தார் ரிக்‌ஷாவை ஓரமாகத் தள்ளச் சொன்னார். முகைதீன் தள்ளினான்.